மார்கழி இரவில் வியர்த்தால்

கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 560 மீட்டர் உயரத்தில் அமைந்திருப்பதனால், புணே நகரில் பகல் எவ்வளவு காய்ந்தாலும் இரவு குளிர்ந்துவிடும். மார்கழியில் வெப்பநிலை பத்துப் பாகைக்கும் கீழே இறங்கும் இரவுகள் உண்டு. நகரின் வடகிழக்கிலுள்ள விஷ்ராந்த்வாடியிலும் அதனைச் சூழ்ந்த கட்கி, திகி, லோகேகாவ் பகுதிகளிலும், படைத்துறைப் பணிக்கும் தொழிற்சாலைப் பணிக்கும் வந்து தங்கிவிட்ட தமிழ்க் குடும்பங்கள் வாழ்கின்றன. அத்தகைய ஒரு வீட்டில் ஓர் இரவைக் கற்பனை செய்து பார்ப்போம். கணவர் கம்பளியைக் கழுத்துவரை இழுத்துக்கொண்டு உறங்குகிறார். நாற்பத்துமூன்று வயதான மனைவியோ எழுந்து மின்விசிறியைச் சுழலவிடுகிறார். கழுத்தும் முதுகும் நனைந்திருக்கின்றன; நெஞ்சு படபடக்கிறது. ஐந்து நிமிடங்களில் எல்லாம் அடங்கிவிட, ஈர உடையில் உடல் நடுங்கத் தொடங்குகிறது. விடிந்ததும் வீட்டார் என்ன சொல்வார்கள் என்பது நமக்குத் தெரியும்: இரத்த அழுத்தமாக இருக்கும், வாயுவாக இருக்கும், மகனின் தேர்வை நினைத்துக் கவலையாக இருக்கும்.

மாதவிடாய் வந்துகொண்டுதானே இருக்கிறது என்பதால், மெனோபாஸ் என்ற எண்ணம் எவருக்கும் எழுவதில்லை, அப்பெண்ணுக்கும் எழுவதில்லை. தவறு இங்கேதான் தொடங்குகிறது. மாதவிடாய் நிற்பது ஒரு நாளில் நிகழ்வதன்று. தொடர்ந்து பன்னிரண்டு மாதங்கள் மாதவிடாய் வராதிருந்தால்தான், கடைசியாக வந்தது இறுதி மாதவிடாய் என்று மருத்துவர்கள் கணக்கிடுகின்றனர். ஆனால் அந்த இறுதி நாளுக்குச் சில ஆண்டுகள் முன்னரே உடல் மாறத் தொடங்கிவிடுகிறது. இந்த முன்கட்டத்தைப் பெரிமெனோபாஸ் என்பர். தொல்லை மிகுந்த அறிகுறிகள் பலவும் தலைகாட்டத் தொடங்குவது இக்கட்டத்தில்தான்.

மேலை நாடுகளில் மாதவிடாய் நிற்கும் சராசரி வயது 51. நம் நாட்டிலோ அது ஏறத்தாழ 46. வெளிநாட்டு நூல்களைப் படித்துவிட்டு ‘ஐம்பதில் பார்த்துக்கொள்ளலாம்’ என்றிருக்கும் வாசகியர் இந்த ஐந்தாண்டு இடைவெளியைக் கருத்தில் கொள்ள வேண்டும். சராசரியே 46 என்றால், முன்கட்ட அறிகுறிகள் நாற்பதுகளின் தொடக்கத்தில் தோன்றுவது இயல்பே. நாற்பது வயதுக்கு முன்பே மாதவிடாய் நின்றுவிட்டால் மட்டும் அதனை இயல்பென்று விட்டுவிடலாகாது. அதற்குத் தனிச் சிகிச்சை தேவை.

குளிர் இரவில் ஏன் வியர்க்கிறது? மூளையின் அடிப்பகுதியிலுள்ள ஹைப்போதலாமஸ் நம் உடல் வெப்பத்தைக் காத்துவருகிறது. உடல் வெப்பம் சற்றே ஏறினாலும் இறங்கினாலும் அது பொருட்படுத்துவதில்லை. ஓர் எல்லையைக் கடந்தால்தான் வியர்வையையோ நடுக்கத்தையோ ஏவும். அப்பகுதியிலுள்ள சில நரம்பணுக்களை அடக்கிவைத்திருப்பது ஈஸ்ட்ரோஜன் என்னும் ஹார்மோன். சினைப்பைகள் ஓயத் தொடங்குகையில் ஈஸ்ட்ரோஜன் ஒரே சீராகக் குறைவதில்லை. ஒரு மாதம் மிகும், மறுமாதம் சரியும். அடக்குவாரற்ற நரம்பணுக்கள் மிகையாக இயங்க, மூளை பொறுத்துக்கொள்ளும் அந்த எல்லை குறுகிவிடுகிறது. ஒரு குவளை சூடான காபியோ, போர்வைக்குள் சேர்ந்த சிறிதளவு வெப்பமோகூட ‘உடல் கொதிக்கிறது’ என்று மூளையை எண்ணவைத்துவிடும். உடனே தோலின் இரத்தக் குழாய்கள் விரிகின்றன, முகம் சிவக்கிறது, வியர்வை பெருகுகிறது. ஆகவே இது மனப்பிரமையன்று. கவலையால் மட்டும் வருவதுமன்று.

இக்கட்டம் தொடங்கிவிட்டதை முதலில் காட்டித்தருவது பெரும்பாலும் நாள்கணக்குதான். இருபத்தெட்டு நாள்களுக்கு ஒருமுறை என்று ஒழுங்காக வந்தது, ஒரு மாதம் இருபத்துமூன்று நாளிலும் அடுத்த மாதம் முப்பத்தைந்து நாளிலும் வரும். அடுத்தடுத்த சுற்றுகளுக்கிடையே ஏழு நாள்களோ அதற்கு மேலோ வேறுபாடு மீண்டும் மீண்டும் தோன்றினால் மாற்றம் தொடங்கிவிட்டது எனக் கொள்ளலாம். இடைவெளி அறுபது நாள்களைத் தாண்டத் தொடங்கினால் இறுதி மாதவிடாய் நெருங்குகிறது என்று பொருள். இதனோடு உறக்கக் கேடு, காரணமற்ற சினம், சட்டென்று ஒரு பெயரோ சொல்லோ நினைவுக்கு வராமை, மூட்டு வலி, பிறப்புறுப்பு வறட்சி, அடிக்கடி சிறுநீர் கழிக்கும் உந்துதல் ஆகியவையும் சேரலாம். எல்லாருக்கும் எல்லாமும் வருவதில்லை. சிலர் ஒன்றுமே உணராமல் கடந்துவிடுகின்றனர். அவர்கள் மற்றவர்களைப் பார்த்து ‘எனக்கெல்லாம் ஒன்றும் இருந்ததில்லையே’ என்று சொல்லாதிருப்பது நலம்.

படபடப்புக்கு இதய மருத்துவர், மூட்டுவலிக்கு எலும்பு மருத்துவர், சோர்வுக்குச் சத்து மாத்திரை என்று ஓர் உடலைப் பல துண்டுகளாக்கிக்கொண்டு அலைவோரை நாம் காண்கிறோம். தைராய்டு கோளாறும் இரத்தசோகையும் ஏறத்தாழ இதே முகத்தோடு வரும் என்பது உண்மையே. 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி 15 முதல் 49 வயது வரையுள்ள இந்தியப் பெண்களில் 57 விழுக்காட்டினருக்கு இரத்தசோகை உள்ளது. எனவே அவ்விரண்டுக்கும் ஒரு முறை இரத்தப் பரிசோதனை செய்துகொள்ளத்தான் வேண்டும். மாறாக, நாற்பத்தைந்து வயதைக் கடந்து, அறிகுறிகளும் தெளிவாக இருப்பவருக்கு விலை மிகுந்த ஹார்மோன் பரிசோதனைகள் பொதுவாகத் தேவையில்லை. அந்த அளவு நாளுக்கு நாள் மாறுவதால் ஒருநாள் எடுத்த எண் அதிகம் எதையும் சொல்வதில்லை.

விஷ்ராந்த்வாடியில் வாழும் தமிழ்ப் பெண்ணுக்கு மற்றொரு தடையும் உண்டு, அது மொழி. கடைத்தெரு மராத்தி நன்றாக வரும். உடலைப் பற்றிப் பேச வேண்டிய மராத்தி வருவதில்லை. மகனைத் துணைக்கு அழைத்துச்சென்றால் அவன்முன் சொல்லக் கூச்சம். ஆகவே சில சொற்களை இங்கே தருகிறோம். மாதவிடாய் ‘பாளி’, நெஞ்சுப் படபடப்பு ‘சாதீத் தட்தட்’, உடலிலிருந்து வெப்பம் எழுவது ‘கரம் வாஃபா’, மாதவிடாய் நிற்றல் ‘ரஜோநிவ்ருத்தி’. இன்னொரு சொல்லையும் அறிந்திருக்க வேண்டும்: ‘பிஷவி’. பை என்று பொருள்படும் இச்சொல் கருப்பையையும் குறிக்கும். ‘பிஷவியை எடுத்துவிடலாம்’ என்று எவரேனும் சொன்னால், அங்கே சற்று நிற்க வேண்டும்.

ஏன் நிற்க வேண்டும் என்பதற்கு மகாராஷ்டிரத்திலேயே கசப்பான சான்று உண்டு. கரும்பு வெட்டும் தொழிலாளர்கள் நிறைந்த பீட் மாவட்டத்தில் மூன்றே ஆண்டுகளில் 4,605 பெண்களுக்குக் கருப்பை அகற்றப்பட்டதாக 2019இல் மாநிலச் சட்டமன்றத்தில் அரசு தெரிவித்தது. விசாரணைக் குழுவும் அமைக்கப்பட்டது. மாதவிடாய் நாளில் வேலைக்கு வராவிட்டால் கூலி பிடித்தம் என்ற நிலையில், இளம் பெண்களும் இந்த அறுவைக்கு ஆளாயினர். பீகார், சத்தீஸ்கர், இராஜஸ்தான் மாநிலங்களில் நடந்த தேவையற்ற கருப்பை நீக்கங்கள் தொடர்பான பொதுநல வழக்கில், ஒன்றிய அரசு வகுத்த வழிகாட்டு நெறிகளை மூன்று மாதங்களுக்குள் நடைமுறைப்படுத்துமாறு 2023 ஏப்ரலில் உச்சநீதிமன்றம் எல்லா மாநிலங்களுக்கும் ஆணையிட்டது. நகரத்துப் பெண்ணுக்கும் கரும்பு வெட்டும் பெண்ணுக்கும் வாழ்க்கை வேறு. ஆயினும் ‘குழந்தைகள் பெற்றாயிற்று, இனி அது எதற்கு?’ என்ற வாதம் இருவருக்கும் ஒன்றாகவே சொல்லப்படுகிறது.

முன்கட்டத்தில் இரத்தப்போக்கு மிகுவது பலருக்கும் நேரும். அதனைக் குறைக்க மாத்திரைகள் உண்டு. கருப்பைக்குள் பொருத்தும் ஹார்மோன் சாதனமும் உண்டு. புற்றுநோய், பெருங்கட்டி, வேறெதற்கும் அடங்காத போக்கு ஆகியவற்றில் அறுவை உயிர்காக்கும் என்பதை நாம் மறுக்கவில்லை. ஆனால் கருப்பையோடு சினைப்பைகளையும் எடுத்துவிட்டால், பல ஆண்டுகளில் மெல்ல வரவேண்டிய மாற்றம் ஒரே இரவில் வந்து இறங்கும். அறிகுறிகள் கடுமையாகும், எலும்பு விரைந்து தேயும். ஆகவே அறுவைக்குச் சம்மதிக்குமுன், சினைப்பைகளை வைத்துக்கொள்ள இயலுமா என்று கேளுங்கள். வேறொரு மருத்துவரின் கருத்தையும் பெறுங்கள். யெரவாடாவிலுள்ள மாநகராட்சியின் ராஜீவ் காந்தி மருத்துவமனையும், புணே இரயில் நிலையத்தருகே உள்ள சசூன் மருத்துவமனையும் இப்பகுதியினர்க்கு எட்டும் தொலைவில் உள்ளன.

வங்கியின் இதழ் என்பதால் பணம் பற்றியும் ஒரு சொல். மருத்துவக் காப்பீடு பெரும்பாலும் மருத்துவமனையில் தங்கிப் பெறும் சிகிச்சைக்கே ஈடு தருகிறது. மருத்துவரைப் பார்த்து மருந்து வாங்கிவரும் செலவைப் பல ஒப்பந்தங்கள் ஏற்பதில்லை. விளைவு என்ன? மாதந்தோறும் சில நூறு ரூபாய் கைப்பணம் செலவாகும் மாத்திரையைவிட, காப்பீட்டில் அடங்கும் அறுவை மலிவானதாகத் தோன்றிவிடுகிறது. உடலைப் பற்றிய முடிவை இந்தக் கணக்கு எடுக்க விடலாகாது. அறுவை உண்மையிலேயே தேவைப்படுவோரும் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: பல ஒப்பந்தங்களில் கருப்பை நீக்கத்திற்கு இரண்டாண்டுக் காத்திருப்புக் காலம் குறிக்கப்பட்டிருக்கும். அந்தப் பட்டியலை முன்கூட்டியே படித்துவைப்பது நன்று.

வீட்டளவில் செய்யக்கூடியவை எளியவை. பருத்தி ஆடை, கனத்த கம்பளி ஒன்றுக்குப் பதிலாக விலக்கவும் சேர்க்கவும் ஏற்ற மெல்லிய போர்வைகள் இரண்டு, மாலைக்குப் பின் காபியைத் தவிர்த்தல், நாள்தோறும் அரைமணி நடை. இவற்றால் வெப்ப அலை முற்றும் நீங்கிவிடும் என்று நாம் உறுதி கூறமாட்டோம். உறக்கம் சற்றுச் சீராகும். உறக்கம் சீரானால் மற்றவற்றைத் தாங்குவது எளிதாகும்.

தாங்க இயலாதவர்க்கு ஹார்மோன் சிகிச்சை உண்டு. 2002இல் அமெரிக்காவில் நடந்த ஒரு பேராய்வு மார்பகப் புற்றுநோய், பக்கவாத அச்சத்தால் பாதியில் நிறுத்தப்பட்டதிலிருந்து, உலகெங்கும் பெண்கள் அதனை அஞ்சி ஒதுக்கினர். அவ்வாய்வில் பங்கேற்றோரின் சராசரி வயது 63 என்பது பலருக்குத் தெரியாது. அறுபது வயதுக்குட்பட்டு, மாதவிடாய் நின்று பத்தாண்டு ஆகாத, தொல்லை மிகுந்த பெண்களுக்குப் பெரும்பாலும் தீமையைவிட நன்மையே மிகுதி என்பது இன்றைய மருத்துவ நிலைப்பாடு. மார்பகப் புற்றுநோய், இரத்தம் உறைதல், பக்கவாதம், கல்லீரல் நோய் கண்டவர்களுக்கு அது பொருந்தாது. அவர்களுக்கு ஹார்மோன் அல்லாத மருந்துகள் உள்ளன. கருப்பை உள்ளவர்க்கு ஈஸ்ட்ரோஜனோடு புரொஜெஸ்ட்ரோனும் சேர்த்தே தரப்பட வேண்டும். மருந்துக்கடையில் தாமாகக் கேட்டு வாங்கும் மருந்தன்று இது.

எலும்புக்கு இப்போதே சேமிக்க வேண்டும். மாதவிடாய் நின்ற பெண்ணுக்கு நாளொன்றுக்கு 1,200 மில்லிகிராம் சுண்ணாம்புச்சத்து வேண்டும் என்கிறது இந்திய மருத்துவ ஆராய்ச்சி மன்றம். நூறு கிராம் கேழ்வரகில் ஏறத்தாழ 360 மில்லிகிராம் உள்ளது. அரிசியில் பத்துகூட இல்லை. புணேயில் கேழ்வரகு கிடைப்பதில்லை என்று ஊரிலிருந்து சுமந்து வருவோர், மளிகைக் கடையில் ‘நாச்ணி’ என்று கேட்டுப் பார்க்கலாம்.

இரண்டு எச்சரிக்கைகள். மாதவிடாய் தள்ளிப்போவதனால் கருவுறும் வாய்ப்பு அற்றுவிடவில்லை. ஐம்பது வயதுக்குட்பட்டவர்கள் இறுதி மாதவிடாய்க்குப் பின்னும் இரண்டாண்டு கருத்தடையைத் தொடர வேண்டும். பன்னிரண்டு மாதம் நின்றபின் ஒரு துளி இரத்தம் தென்பட்டாலும், அதனைத் ‘திரும்ப வந்துவிட்டது’ என்று விட்டுவிடாமல் அந்த வாரமே மருத்துவரிடம் செல்ல வேண்டும்.

செல்லும்போது கையில் எடுத்துச்செல்ல ஒன்று உண்டு. ஆண்டுதோறும் வங்கி தரும் நாட்காட்டி பல வீடுகளில் சமையலறைச் சுவரில் தொங்கும். பால் கணக்கும் எரிவாயு உருளை வந்த நாளும் அதில் எழுதப்பட்டிருக்கும். அதே தாளில் மாதவிடாய் வந்த நாள்களுக்கு ஒரு வட்டம், இரவில் வியர்த்து எழுந்த நாளுக்கு ஒரு புள்ளி, போக்கு மிகுந்த நாளுக்கு ஒரு கோடு. எவரும் கேட்டால் பால் கணக்கு என்று சொல்லிக்கொள்ளலாம். மூன்று மாதத் தாள்களை மருத்துவர்முன் விரித்துவைத்தால், மராத்தியில் சொல்ல வராத பெரும்பகுதியை அவை சொல்லிவிடும்.