முதியோர் விழுதல் தடுப்புப் பயிற்சிகள்

முதியோர் விழுதல் தடுப்புப் பயிற்சிகள் என்பவை, அகவை முதிர்ந்தோர் நிலைதடுமாறிக் கீழே விழுவதைக் குறைப்பதற்காகத் தசை வலு, உடற் சமநிலை, கவனம் ஆகியவற்றை வளர்க்கும் பயிற்சிகள் ஆகும். 65 அகவையைக் கடந்தவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவர் ஆண்டுக்கு ஒரு முறையேனும் விழுகிறார். உலக சுகாதார நிறுவனம் 2021 இல் வெளியிட்ட மதிப்பீட்டின்படி, விழுவதால் உலகில் ஆண்டுதோறும் ஏறத்தாழ 6,84,000 பேர் இறக்கின்றனர். விபத்துக் காயங்களால் ஏற்படும் இறப்புகளில் சாலை விபத்துகளுக்கு அடுத்த இடத்தில் இது உள்ளது.

விழுதல் முதுமையின் இயல்பான விளைவு என்றே பலர் கருதுகின்றனர். ஆனால் அதில் கணிசமான பகுதியைப் பயிற்சியால் தடுக்க இயலும் என ஆய்வுகள் காட்டுகின்றன.

உடற் சமநிலை

உடலை நிலைநிறுத்த மூளைக்கு மூன்று வகைச் செய்திகள் தேவைப்படுகின்றன. அவை:

* கண்கள் தரும் காட்சி
* தலையின் அசைவையும் சாய்வையும் உணரும் உட்செவியின் செய்தி
* பாதம், மூட்டு, தசை ஆகியவற்றிலிருந்து வரும் உணர்வு

முதுமையில் இம்மூன்றும் மங்குகின்றன. விரைந்து சுருங்கும் தசை நார்கள் மிகுதியாகக் குறைகின்றன. கால் இடறும்போது ஒரு நொடிக்கும் குறைவான நேரத்தில் மற்றக் காலை முன்வைத்து உடலைத் தாங்க வேண்டும். தசையில் வலு இருந்தும் விரைவு இல்லையெனில் இது இயலாது.

நடையும் கவனமும்

நடத்தல் சிந்தனை தேவைப்படாத செயலாகத் தோன்றுகிறது. ஆயினும் முதுமையில் நடப்பதற்கு மூளையின் கவனம் கூடுதலாகத் தேவைப்படுகிறது. 1997 இல் சுவீடனின் உமெயோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள், முதியோர் 58 பேருடன் நடந்துகொண்டே உரையாடினர். அவர்களில் 12 பேர் பேசத் தொடங்கியதும் நடையை நிறுத்தினர். அந்த 12 பேரில் 10 பேர் அடுத்த ஆறு மாதங்களுக்குள் விழுந்தனர். ஒரே நேரத்தில் இரு செயல்களைச் செய்யும் இத்திறன் இரட்டைப் பணித் திறன் எனப்படுகிறது. கால்களுக்கு மட்டுமன்றி மனத்திற்கும் பயிற்சி தேவை என்ற கருத்துக்கு இத்தகைய ஆய்வுகள் வலுச் சேர்த்தன.

பயிற்சி முறைகள்

ஒட்டாகோ பயிற்சித் திட்டம்

இது 1990களில் நியூசிலாந்தின் ஒட்டாகோ பல்கலைக்கழகத்தில் உருவாக்கப்பட்டது. கணுக்காலில் எடை கட்டிக் காலை உயர்த்துதல், குதிகாலை உயர்த்தி நிற்றல், ஒற்றைக் காலில் நிற்றல், ஒரு பாதத்தின் முன் மறு பாதத்தை ஒட்டி வைத்து நடத்தல், நாற்காலியிலிருந்து கையூன்றாமல் எழுதல் ஆகியவை இதில் அடங்கும். இவற்றை வீட்டிலேயே வாரம் மும்முறை, ஒவ்வொரு முறையும் ஏறத்தாழ அரை மணி நேரம் செய்ய வேண்டும். இத்திட்டத்தின் நான்கு ஆய்வுகளில் பங்கேற்ற 1,016 பேரின் தரவுகளைத் தொகுத்தபோது, விழுதல் 35 விழுக்காடு குறைந்திருந்தது.

தாய் சி

தாய் சி சீனத் தற்காப்புக் கலையிலிருந்து வந்த மென்மையான பயிற்சி ஆகும். உடலின் எடையை ஒரு காலிலிருந்து மறு காலுக்கு மெதுவாக மாற்றுவதும், அசைவுகளின் வரிசையை நினைவில் வைத்துச் செய்வதும் இதன் இயல்புகள்.

இசையுடன் நடத்தல்

சுவிட்சர்லாந்து இசைக் கல்வியாளர் எமீல் ஜாக்-டால்குரோஸ் (1865-1950), மாணவர்களுக்குத் தாளத்தை உடல் அசைவால் கற்பிக்க ஒரு முறையை வகுத்தார். ஜெனீவாவில் இம்முறை முதியோருக்குப் பயன்படுத்தப்பட்டது. பியானோ இசைக்கேற்ப நடப்போர், தாளம் மாறியவுடன் நடையையும் மாற்ற வேண்டும். விழும் வாய்ப்பு மிகுந்த 134 முதியோரிடம் மேற்கொள்ளப்பட்டு 2011 இல் வெளியான ஆய்வில், வாரம் ஒரு மணி நேரம் ஆறு மாதம் பயின்றவர்கள் மற்றவர்களைவிடப் பாதியளவே விழுந்தனர்.

மெய்நிகர் காட்சியுடன் நடத்தல்

ட்ரெட்மில்லில் நடப்பவர் தம் பாதங்களின் அசைவைத் திரையில் கண்டு, அங்கு தோன்றும் தடைகளைத் தாண்ட வேண்டும். ஐந்து நாடுகளில் 302 பேரிடம் நடத்தப்பட்டு 2016 இல் வெளியான ஆய்வில், ட்ரெட்மில்லில் மட்டும் நடந்தவர்களைவிட இவ்வாறு பயின்றவர்கள் குறைவாகவே விழுந்தனர்.

விழுவோம் என்னும் அச்சம்

ஒருமுறை விழுந்தவர் மீண்டும் விழ அஞ்சி வெளியே செல்வதையும் படியேறுவதையும் தவிர்ப்பதுண்டு. இதனால் தசைகள் மேலும் தளர்ந்து, விழும் வாய்ப்பு கூடுகிறது. உறவினர் அக்கறையுடன் எல்லா வேலைகளிலிருந்தும் விலக்கி அமரவைப்பதும் இதே விளைவையே தரக்கூடும். 1990களில் பாஸ்டன் பல்கலைக்கழகத்தில் உருவான ஒரு குழுப் பயிற்சி, இவ்வச்சத்தைப் பேசித் தெளிவதையும் சிறு சிறு இலக்குகளுடன் நடமாட்டத்தை மீட்பதையும் உடற்பயிற்சியுடன் இணைத்தது.

பயனும் வரம்புகளும்

108 ஆய்வுகளைத் தொகுத்த 2019 ஆம் ஆண்டின் காக்ரேன் மீளாய்வின்படி, உடற்பயிற்சி விழும் வீதத்தை 23 விழுக்காடு குறைக்கிறது. சமநிலைப் பயிற்சியும் வலுப் பயிற்சியும் இணையும்போது குறைவு 34 விழுக்காடாக உள்ளது. வெறும் நடைப்பயிற்சியால் விழுதல் குறையும் என்பதற்குப் போதிய சான்று இல்லை. பயிற்சியை நிறுத்தினால் அதன் பயனும் படிப்படியாகக் குறைகிறது.

தூக்க மருந்துகள், கண்புரை, வழுக்கும் தரை, மங்கிய வெளிச்சம் ஆகியவையும் விழுதலுக்குக் காரணங்கள் ஆதலால் அவற்றையும் சீர்செய்ய வேண்டும். அண்மையில் விழுந்தவர்களும் தலைச்சுற்றல் உள்ளவர்களும் மருத்துவரின் அறிவுரை பெற்ற பின்னரே பயிற்சியைத் தொடங்குதல் வேண்டும். தொடக்கத்தில் சுவரையோ உறுதியான நாற்காலியையோ பற்றிக்கொண்டு பயில்வது பாதுகாப்பானது.