75% பேர் 'ஆம்' சொன்ன சட்டம் கோர்ட்டில் நின்றது ஏன்? மெய்ன் மக்களின் 30 ஆண்டு தேர்தல் நிதிப் போராட்டம்

2024 நவம்பர் 5. டிரம்ப்பா, கமலா ஹாரிஸா என்று உலகமே டி.வி. முன்னால் உட்கார்ந்திருந்த நாள். அதே நாளில், அமெரிக்காவின் வடகிழக்கு மூலையில் கனடாவை ஒட்டி இருக்கும் மெய்ன் மாகாண மக்கள், வாக்குச்சீட்டில் இன்னொரு கேள்விக்கும் பதில் சொன்னார்கள். தேர்தலில் தனியாகச் செலவு செய்யும் அரசியல் குழுக்களுக்கு ஒருவர் ஆண்டுக்கு 5,000 டாலருக்கு மேல் நன்கொடை கொடுக்கக் கூடாது. சம்மதமா?

வாக்களித்தவர்களில் சுமார் 75% பேர் 'ஆம்' என்றார்கள். ஆதரவு வாக்குகள் மட்டும் 6 லட்சத்தைத் தாண்டின. மொத்த மக்கள்தொகையே சுமார் 14 லட்சம்தான் என்பதை வைத்துப் பார்த்தால் இது சாதாரண எண்ணிக்கை இல்லை. டிரம்ப்புக்கு ஓட்டுப் போட்டவர்களும் கமலாவுக்குப் போட்டவர்களும் சேர்ந்து 'ஆம்' சொன்னால்தான் இப்படி ஒரு முடிவு வரும்.

எட்டே மாதம். 2025 ஜூலை 15-ல், இந்தச் சட்டம் அமெரிக்க அரசமைப்பின் பேச்சுரிமைப் பிரிவுக்கு எதிரானது என்று சொல்லி, அதை அமல்படுத்தத் தடை விதித்தார் கூட்டாட்சி நீதிமன்ற மாஜிஸ்திரேட் நீதிபதி கேரன் ஃபிரிங்க் வுல்ஃப்.

மெய்ன் மக்களுக்கு இது புதுசு இல்லை. 1990-களில் இருந்தே இதே கதைதான். மக்கள் ஒரு சட்டத்தை ஜெயிக்க வைப்பார்கள். பிறகு சட்டமன்றமோ, ஆளுநரோ, நீதிமன்றமோ அதில் ஒரு பகுதியை உருவும். மக்கள் திரும்பவும் கையெழுத்து வாங்கக் கிளம்புவார்கள்.

மக்களே சட்டம் எழுத முடியுமா?

முடியும். அமெரிக்காவில் ஏறக்குறைய பாதி மாகாணங்களில் இந்த வசதி இருக்கிறது. மெய்னில் என்ன விதி என்றால், கடந்த ஆளுநர் தேர்தலில் பதிவான வாக்குகளில் 10% அளவுக்கு வாக்காளர்களின் கையெழுத்து வாங்க வேண்டும். வாங்கிவிட்டால், அந்தச் சட்ட வரைவு சட்டமன்றத்துக்குப் போகும். அவர்கள் அப்படியே ஏற்காவிட்டால், நேராக மக்கள் வாக்கெடுப்பு. (நம் அரசமைப்பில் இப்படி ஒரு வழியே கிடையாது. நாம் ஓட்டுப் போடுவது ஆளுக்கு. அவர்களுக்குச் சட்டத்துக்கும் போடலாம்.)

தேர்தல் நிதி மாதிரியான விஷயத்தில் இந்த வழி ஏன் முக்கியம் என்பது சொல்லாமலே புரியும். இருக்கிற விதிகளில் ஜெயித்து வந்தவர்களிடம் போய், 'விதியை மாத்துங்க' என்றால் யார் மாற்றுவார்கள்?

1995 நவம்பரில் ஒரு தேர்தல் நாள். வாக்குச்சாவடிகளுக்கு வெளியே மேஜை போட்டு உட்கார்ந்தார்கள் ஆயிரத்துக்கும் மேற்பட்ட தன்னார்வலர்கள். ஓட்டுப் போட வருபவர்கள் எல்லாருமே பதிவு செய்த வாக்காளர்கள் என்பதால், கையெழுத்து செல்லாமல் போகும் வாய்ப்பு குறைவு. அந்த ஒரே நாளில் சுமார் 65,000 கையெழுத்துகள் சேர்ந்தன. அடுத்த ஆண்டு, 1996 நவம்பரில், 'மெய்ன் தூய்மைத் தேர்தல் சட்டம்' சுமார் 56% ஆதரவோடு நிறைவேறியது. வேட்பாளரின் பிரசாரச் செலவை அரசு நிதியிலிருந்தே கொடுக்கும் இந்த முறையை அமெரிக்காவில் முதலில் கொண்டுவந்த மாகாணம் மெய்ன்தான்.

5 டாலர் கணக்கு

சரி, யார் கேட்டாலும் அரசு பணம் கொடுத்துவிடுமா? இல்லை. இங்கேதான் சட்டத்தின் சாமர்த்தியம் இருக்கிறது.

மாகாணப் பிரதிநிதிகள் அவைக்குப் போட்டியிடுபவர் தன் தொகுதி வாக்காளர்கள் 60 பேரிடம் தலா 5 டாலர் வாங்க வேண்டும். செனட் என்றால் 175 பேர். ஆளுநர் பதவிக்கு 3,200 பேர். நம்ம காசுக்கு ஆளுக்கு சுமார் 400 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த 5 டாலர் வாக்காளரின் சொந்தப் பணமாக இருக்க வேண்டும். 'நீங்க கையெழுத்து மட்டும் போடுங்க, காசை நான் கட்டிடறேன்' என்ற வேலை நடக்காது. கொடுத்தவர் அந்தத் தொகுதி வாக்காளர்தானா என்பதை உள்ளூர் அலுவலகம் சரிபார்க்கும். இன்னொன்று, அந்தப் பணம் வேட்பாளர் கைக்கே போகாது. அரசின் தூய்மைத் தேர்தல் நிதியத்துக்குப் போகும். அதாவது 5 டாலர் என்பது நன்கொடை என்பதைவிட, 'இவர் நிற்கட்டும்' என்று வாக்காளர் கொடுக்கும் அனுமதிச் சீட்டு.

இந்த எண்ணிக்கையைத் தொட்டவருக்கு அரசு நிதி கிடைக்கும். பதிலுக்கு அவர் தனியார் நன்கொடையை விட்டுவிட வேண்டும். வேண்டாம் என்பவர்கள் பழையபடி நன்கொடை வாங்கிப் போட்டியிடலாம், கட்டாயம் இல்லை.

2000-ல் முதல்முறை இந்தச் சட்டப்படி தேர்தல் நடந்தது. ஆபர்ன் நகரில் உணவகத்தில் பரிமாறும் வேலை பார்த்த டெபோரா சிம்ப்சன், தனியாகக் குழந்தையை வளர்க்கும் தாய், அந்தத் தேர்தலில் நின்று பிரதிநிதிகள் அவைக்குப் போனார். பிறகு மாகாண செனட்டராகவும் ஆனார். பணக்கார நண்பர்கள் பட்டியல் இல்லாத ஒருவருக்கு, 60 வீட்டுக் கதவைத் தட்டுவது முடியாத காரியம் இல்லையே. 2008 வாக்கில் சட்டமன்ற வேட்பாளர்களில் 5-ல் 4 பேர் இந்த முறைக்கு வந்துவிட்டார்கள். இரு கட்சிகளிலும்.

2011: முதல் அடி

தூய்மை நிதியில் நிற்பவருக்கு ஒரு பயம் இருக்கும். எதிராளி கோடிக்கணக்கில் கொட்டினால் என்ன செய்வது? அதற்குச் சட்டத்திலேயே பதில் இருந்தது. எதிர்த் தரப்புச் செலவு ஒரு அளவைத் தாண்டினால், தூய்மை வேட்பாளருக்குக் கூடுதல் நிதி தானாக வந்து சேரும். 1998-ல் மக்கள் வாக்கெடுப்பில் இதே மாதிரி சட்டம் கொண்டுவந்த அரிசோனாவிலும் இந்த ஏற்பாடு இருந்தது.

அரிசோனா வழக்கில் 2011 ஜூனில் அமெரிக்க உச்ச நீதிமன்றம், 5-க்கு 4 என்ற கணக்கில், இந்த ஏற்பாடு செல்லாது என்றது. நான் செலவு செய்தால் என் எதிராளிக்கு அரசு பணம் கொடுக்கிறது என்றால், அது என் பேச்சுக்குப் போடும் அபராதம் மாதிரி என்பது தீர்ப்பின் சாரம். மெய்ன் சட்டத்தின் இந்தப் பகுதியும் அதோடு போனது. எதிர்பார்த்தபடியே, தூய்மை நிதியில் நிற்பவர்கள் எண்ணிக்கை சரிந்தது.

மெய்ன் ஆட்கள் என்ன செய்தார்கள்? மறுபடி கையெழுத்து, மறுபடி வாக்கெடுப்பு. 2015-ல் சுமார் 55% ஆதரவோடு நிறைவேறிய திருத்தம் எளிமையானது. எதிராளியின் செலவோடு முடிச்சுப் போடாதே. வேட்பாளர் இன்னும் கொஞ்சம் 5 டாலர்கள் சேகரித்தால், ஒரு உச்சவரம்பு வரை இன்னும் கொஞ்சம் நிதி. நீதிமன்றம் கேட்ட கேள்விக்கும் பதில் ஆச்சு, வேட்பாளர் வீடு வீடாகப் போவதும் கூடியது. இந்த 30 ஆண்டுகளில் அவர்கள் செய்த புத்திசாலித்தனமான வேலை இதுதான் என்பேன்.

அதோடு நிம்மதியா? 2018-ல் பட்ஜெட் சட்டத்தில் நடந்த ஒரு எழுத்துப் பிழையால் நிதி முடங்கியது. தேர்தல் நெருங்கும் நேரம், வேட்பாளர்களுக்குப் பணம் வரவில்லை. ஆளுநர் பால் லெபேஜ் இந்தத் திட்டத்தையே எதிர்த்தவர். வேட்பாளர்களும் ஆர்வலர்களும் நீதிமன்றம் போய்த்தான் நிதியை வாங்கினார்கள்.

மற்ற மாகாணங்களைவிட மெய்ன் பரவாயில்லை

மாசசூசெட்ஸில் 1998-ல் மூன்றில் இரண்டு பங்கு மக்கள் இதேபோன்ற சட்டத்தை ஆதரித்தார்கள். சட்டமன்றம் அதை ரத்து செய்யவில்லை. நிதி மட்டும் ஒதுக்கவில்லை! 2002-ல் மாகாண உச்ச நீதிமன்றம், 'நிதி கொடு, இல்லையா சட்டத்தை ரத்து செய்' என்றது. இரண்டும் நடக்காததால் அரசுச் சொத்தை விற்றுப் பணம் கொடுக்க வழிவிட்டது. அரசு கார்கள் ஏலத்துக்கு வந்தன. ஒரு மாகாண அரசின் வண்டியை விற்று, அந்த அரசையே எதிர்த்து நிற்பவரின் தேர்தல் செலவுக்குக் கொடுத்த கதை இது. அடுத்த ஆண்டே சட்டமன்றம் சட்டத்தை ரத்து செய்துவிட்டது.

சவுத் டகோட்டாவில் இன்னும் வேகம். 2016 நவம்பரில் மக்கள் சுமார் 52% ஆதரவோடு ஒரு சட்டத்தை நிறைவேற்றினார்கள். சட்டமன்ற உறுப்பினர்களுக்குப் பரிசு கொடுப்பதில் கட்டுப்பாடு, ஒரு நெறிமுறை ஆணையம், ஒவ்வொரு வாக்காளருக்கும் விருப்பமான வேட்பாளருக்குக் கொடுக்க 50 டாலர் மதிப்பில் இரண்டு சீட்டுகள். உறுப்பினர்களே வழக்குப் போட்டு இடைக்காலத் தடை வாங்கினார்கள். பிறகு 'அவசரம்' என்று முத்திரை குத்தி ரத்து மசோதா கொண்டுவந்தார்கள். 2017 பிப்ரவரி 2-ல் ஆளுநர் கையெழுத்து. மூன்று மாதம்கூட ஆகவில்லை. அந்த 'அவசர' முத்திரைக்கு ஒரு பயன் உண்டு. அப்படி நிறைவேறும் சட்டத்தை எதிர்த்து மக்கள் வாக்கெடுப்பு கேட்க முடியாது.

அப்போ 2024 சட்டத்தின் சிக்கல் என்ன?

2010-ல் இரண்டு தீர்ப்புகள் வந்தன. 'சிட்டிசன்ஸ் யுனைடெட்' வழக்கில், வேட்பாளரோடு கலந்து பேசாமல் நிறுவனங்கள் தனியாகச் செலவு செய்வதைத் தடுக்க முடியாது என்றது உச்ச நீதிமன்றம். இரண்டே மாதத்தில் 'ஸ்பீச்நவ்' வழக்கில் வாஷிங்டன் மேல்முறையீட்டு நீதிமன்றம் ஒரு படி மேலே போனது. தனிச் செலவு ஊழல் இல்லை என்றால், அந்தச் செலவுக்காக நடத்தப்படும் குழுவுக்கு எவ்வளவு கொடுத்தாலும் ஊழல் இல்லை. 'சூப்பர் பேக்' எனப்படும் குழுக்கள் பிறந்தது இப்படித்தான்.

விளைவு என்ன என்றால், மெய்னில் 2024-ல் சட்டமன்ற வேட்பாளருக்கு ஒருவர் நேரடியாக 475 டாலர்தான் கொடுக்கலாம். அவரை ஆதரித்து விளம்பரம் செய்யும் தனிக் குழுவுக்கோ எத்தனை லட்சம் டாலரும் கொடுக்கலாம். வாசலைப் பூட்டிவிட்டுக் கொல்லைப்புறத்தைத் திறந்து வைத்த மாதிரி.

2024 முயற்சிக்குப் பின்னால் இருந்தவர் ஹார்வர்டு சட்டப் பேராசிரியர் லாரன்ஸ் லெஸ்ஸிக்கின் 'ஈக்குவல் சிட்டிசன்ஸ்' அமைப்பு. அவர்கள் வாதம் இது: தனிக் குழு செய்யும் செலவை நாங்கள் தொடவில்லை. அந்தக் குழுவுக்குள் பணம் போகும் இடத்தில்தான் பேரம் நடக்கிறது. ஒஹாயோவை எடுத்துக்கொள்ளலாம். அங்கே பேரவைத் தலைவராக இருந்த லாரி ஹவுஸ்ஹோல்டர், மின் நிறுவனத்திடமிருந்து சுமார் 6 கோடி டாலரைத் தனி அமைப்பு ஒன்றின் வழியாக வாங்கி, அணுமின் நிலையங்களுக்குச் சாதகமாகச் சட்டம் போட்ட வழக்கில், 2023-ல் 20 ஆண்டு சிறைத் தண்டனை பெற்றார். பணம் அவர் பெயருக்கு வரவில்லை, ஆனால் பேரம் நடந்தது.

எதிர்த் தரப்பு வாதத்தையும் தள்ளிவிட முடியாது. மெய்னில் வழக்குப் போட்ட அரசியல் குழுக்கள் சொன்னது: பணம் இல்லாமல் விளம்பரம் இல்லை, விளம்பரம் இல்லாமல் வாக்காளரிடம் பேச முடியாது, அதற்கு வரம்பு போட்டால் பேச்சுக்கே வரம்பு. ஆட்சியில் இருப்பவரை எதிர்க்கும் சின்னக் குழுவுக்கு ஒரு பெரிய நன்கொடையாளர்தான் மூச்சு என்பதும் பல இடங்களில் உண்மை. தூய்மை நிதி பற்றியும், 'எனக்குப் பிடிக்காத வேட்பாளருக்கு என் வரிப்பணம் ஏன்?' என்ற கேள்வி 1996-லிருந்தே இருக்கிறது. எனக்கு 5,000 டாலர் என்பது பேச்சை அடைக்கும் தொகையாகத் தெரியவில்லை. ஆனால் கீழ் நீதிமன்ற நீதிபதி, 2010 முதல் பல மேல்முறையீட்டு நீதிமன்றங்கள் ஒரே குரலில் சொன்னதைத் தாண்டிப் போவது கஷ்டம்.

இது லெஸ்ஸிக் தரப்புக்கும் முன்பே தெரியும். 'ஸ்பீச்நவ்' விவகாரத்தில் உச்ச நீதிமன்றம் இதுவரை நேரடியாகத் தீர்ப்புச் சொன்னதில்லை. அதைச் சொல்ல வைக்க ஒரு வழக்கு வேண்டும். வழக்கு வேண்டும் என்றால் ஒரு சட்டம் வேண்டும். அந்தச் சட்டத்தைத்தான் மெய்ன் வாக்காளர்கள் கொடுத்தார்கள். ஜூலை தீர்ப்பை எதிர்த்து பாஸ்டனில் உள்ள முதல் சுற்று மேல்முறையீட்டு நீதிமன்றத்துக்குப் போயிருக்கிறார்கள். அங்கே எந்தப் பக்கம் தீர்ப்பு வந்தாலும், தோற்றவர் அடுத்துப் போகும் இடம் வாஷிங்டன்.

5 டாலர் திட்டத்துக்கு இந்த வழக்கால் பாதிப்பு இல்லை. அடுத்த சட்டமன்றத் தேர்தலுக்கும் 60 கையெழுத்து, 60 ஐந்து டாலர் கணக்கு அப்படியேதான்.