விதிகள்: சட்டம், அறநெறி, அன்றாட வாழ்க்கை

விதி என்பது ஒரு சூழ்நிலையில் எதைச் செய்ய வேண்டும், எதைச் செய்யக்கூடாது, எதைச் செய்யலாம் என்பதைப் பலருக்கும் பொதுவாக வரையறுக்கும் நெறியாகும். நாடாளுமன்றம் இயற்றும் சட்டம், ஊர்க் கட்டுப்பாடு, விளையாட்டின் ஆட்டமுறை, மொழியின் இலக்கணம், பேருந்து நிலையத்து வரிசை ஆகிய அனைத்தும் விதிகளே. தமிழில் ‘விதி’ என்ற சொல்லுக்கு ஊழ் என்ற பொருளும் உண்டு. ஊழை மனிதரால் மாற்ற இயலாது என்பது மரபான நம்பிக்கை. இங்கு பேசப்படும் விதி மனிதர் உருவாக்கியது. அதற்குக் காரணம் கேட்கலாம், அதைத் திருத்தலாம், தேவையற்றதாயின் நீக்கலாம்.

நீலகிரி மாவட்டத்தின் ஆறு வட்டங்களுள் ஒன்றான குந்தாவிலும் அம்மாவட்டத்தின் பிற பகுதிகளிலும் நடைமுறையில் உள்ள சில விதிகளைக் கொண்டு இக்கட்டுரை இதனை விளக்குகிறது.

பழக்கமும் விதியும்

பலர் ஒன்றையே செய்வதால் மட்டும் அது விதியாகிவிடாது. பிரித்தானியச் சட்ட மெய்யியலாளர் எச். எல். ஏ. ஹார்ட் 1961இல் வெளியிட்ட ‘சட்டம் என்னும் கருத்தாக்கம்’ என்ற நூலில் இந்த வேறுபாட்டை விளக்கினார். குந்தா மக்கள் குளிர்காலத்தில் கம்பளிச் சட்டை அணிவது பழக்கம். ஒருவர் அணியாவிட்டால் யாரும் அவரைக் கண்டிப்பதில்லை. விதியை மீறினால் கண்டனம் எழும். அந்தக் கண்டனம் நியாயமானது என்று மற்றவர்களும் கருதுவார்கள்.

மஞ்சூரிலிருந்து கெத்தை, முள்ளி வழியாகக் கோவைக்குச் செல்லும் மலைச்சாலையில் 43 கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன. இரு வாகனங்கள் எளிதாகக் கடக்க முடியாத இடத்தில், இறங்கும் வாகனம் ஒதுங்கி நின்று ஏறும் வாகனத்துக்கு வழிவிட வேண்டும். இது சாலை ஒழுங்குமுறைகளில் எழுதப்பட்ட விதியாகும். இதன் காரணம் எளிது. ஏற்றத்தில் நின்றுவிட்ட வண்டியை மீண்டும் கிளப்புவது கடினம். சுமை ஏற்றிய வண்டி பின்னோக்கி உருளும் ஆபத்தும் உண்டு. இறங்குகின்ற வண்டி நின்றாலும் மீண்டும் புறப்படுவது எளிது.

இந்த ஒரே விதியில் மூன்று தளங்கள் இணைந்துள்ளன. அரசு எழுதியதால் அது சட்டம். பிறர் உயிருக்குத் தீங்கு நேராமல் காப்பதால் அது அறம். போக்குவரத்துக் காவலர் இல்லாத வளைவிலும் ஓட்டுநர்கள் தாமாகவே பின்பற்றுவதால் அது அன்றாட நடைமுறை. ஆனால் இறங்கி வருவது நோயாளியை ஏற்றிய ஆம்புலன்சாக இருந்தால், ஏறும் வண்டியின் ஓட்டுநரே பின்னால் எடுத்து வழிவிடுவார். விதியின் நோக்கத்தை அறிந்தவருக்கு விதிவிலக்கு எங்கே தேவை என்பதும் தெரியும்.

சட்டத்தில் விதிகள்

சட்ட விதி ஒரு தெளிவான கோட்டைக் கிழிக்க வேண்டும். ஆனால் எந்தச் சொல்லும் எல்லாச் சூழ்நிலைகளையும் முன்கூட்டியே அடக்கிவிடாது. ‘பூங்காவுக்குள் வாகனங்களுக்கு அனுமதி இல்லை’ என்ற விதியை ஹார்ட் 1958இல் எடுத்துக்காட்டினார். மகிழுந்து அதில் அடங்கும் என்பதில் ஐயமில்லை. மிதிவண்டியும் குழந்தையின் பொம்மை வண்டியும் அடங்குமா என்பது கேள்விக்குரியது.

நீலகிரி மலையே இத்தகைய கேள்வியை எதிர்கொண்டது. சென்னை உயர் நீதிமன்றத்தின் உத்தரவுப்படி 2024 மே 7 முதல் உதகைக்கும் கொடைக்கானலுக்கும் வரும் வாகனங்களுக்கு இ-பாஸ் கட்டாயமாக்கப்பட்டது. 2025 ஏப்ரல் முதல் ஜூன் வரையிலான கோடைக்காலத்துக்கு, நீலகிரிக்குள் வேலை நாட்களில் 6,000 வாகனங்கள், வார இறுதியில் 8,000 வாகனங்கள் என வரம்பும் விதிக்கப்பட்டது. உள்ளூர் வாகனங்களுக்கும் அரசுப் பேருந்துகளுக்கும் விலக்கு அளிக்கப்பட்டது. மலையின் தாங்குதிறனைக் காப்பது இந்த விதியின் நோக்கம். மலையில் வாழ்பவர் வீடு திரும்புவதைத் தடுப்பது அந்த நோக்கத்தில் அடங்காது. எனவே விலக்குகளும் விதியின் பகுதியாகவே எழுதப்பட்டன.

ஒரே சொல்லின் பொருள் நாடு முழுவதையும் பாதித்த வழக்கும் இம்மாவட்டத்தில் தோன்றியதே. கூடலூர் பகுதியில் காட்டு மரங்கள் வெட்டப்படுவதை எதிர்த்து டி. என். கோதவர்மன் திருமுல்பாட் 1995இல் உச்ச நீதிமன்றத்தில் மனு அளித்தார். 1980ஆம் ஆண்டின் வனப் பாதுகாப்புச் சட்டத்தில் ‘காடு’ என்ற சொல்லுக்கு விளக்கம் இல்லை. நிலம் யாருக்குச் சொந்தமாக இருந்தாலும், அகராதிப் பொருளில் காடாக உள்ள அனைத்தும் அதில் அடங்கும் என்று 1996 டிசம்பர் 12 அன்று நீதிமன்றம் கூறியது. 2023இல் சட்டம் திருத்தப்பட்ட பிறகும் இந்த விவாதம் முடியவில்லை.

அறநெறியில் விதிகள்

அறநெறி விதிகளுக்குச் சிறைத் தண்டனை இல்லை. மனச்சாட்சியும் சமூகத்தின் மதிப்பும் அவற்றைத் தாங்குகின்றன. படுகர் மக்களின் நான்கு சீமைகளுள் குந்தையும் ஒன்று. அங்குள்ள ஊர்களில் பொதுக் காரியங்களைப் பெரியோர் கூடிப் பேசி முடிவெடுக்கும் மரபு உண்டு. அந்த முடிவுக்கு உடன்படுவது சட்டக் கடமை ஆகாவிட்டாலும் ஊராரின் நம்பிக்கையைச் சார்ந்தது.

கூட்டுறவுத் தேயிலைத் தொழிற்சாலைகளிலும் இத்தகைய நம்பிக்கை தேவைப்படுகிறது. நீலகிரியின் சிறு தேயிலை விவசாயிகளுக்கான இன்கோ தொழிற்சாலைகளின் கூட்டமைப்பான இன்கோசர்வ் 1965இல் தொடங்கப்பட்டது. குந்தாவிலும் இத்தகைய தொழிற்சாலை உண்டு. வெளியே கிலோவுக்குச் சில ரூபாய் கூடுதலாகக் கிடைக்கும் நாளில் ஓர் உறுப்பினர் தன் பசுந்தேயிலையைத் தனியாரிடம் கொடுத்தால் அவருக்கு லாபம். எல்லோரும் அப்படிச் செய்தால் தொழிற்சாலைக்கு இலை வராது. விலை சரியும் காலத்தில் சாய்ந்துகொள்ள இடமும் இருக்காது. ‘எல்லோரும் இதையே செய்தால் என்ன ஆகும்?’ என்ற இந்தக் கேள்வியை ஜெர்மானிய மெய்யியலாளர் இம்மானுவேல் காண்ட் தம் அறநெறிக் கோட்பாட்டின் மையத்தில் வைத்தார்.

அன்றாட வாழ்வில் விதிகள்

அன்றாட விதிகள் பெரும்பாலும் எழுதப்படுவதில்லை. ‘இரண்டு இலை, ஒரு மொட்டு’ என்பது தேயிலைத் தோட்டத்தின் அடிப்படை விதி. முற்றிய கரட்டு இலை கலந்தால் தூளின் தரமும் இலையின் விலையும் குறையும். இவ்வகை விதியைக் கற்றவர் சிந்திக்காமலே பின்பற்றுகிறார். ஒவ்வொரு செடியின் முன்னும் புதிதாக முடிவெடுக்க வேண்டியதில்லை.

விதி தவறும் இடங்கள்

அமெரிக்கச் சட்ட அறிஞர் லான் ஃபுல்லர் 1964இல் நல்ல விதிக்கு எட்டு இயல்புகளைக் கூறினார். அது பொதுவானதாகவும், வெளிப்படையாக அறிவிக்கப்பட்டதாகவும், தெளிவானதாகவும், முரண்பாடற்றதாகவும், நிலையானதாகவும், கடைப்பிடிக்க இயல்வதாகவும் இருக்க வேண்டும். முன்பே நடந்துவிட்ட செயலைப் பின்தேதியிட்டுத் தண்டிக்கக்கூடாது. எழுதியபடியே அரசும் நடந்துகொள்ள வேண்டும்.

‘கடைப்பிடிக்க இயல்வது’ என்பதற்கு நீலகிரியின் ஞெகிழித் தடை ஓர் எடுத்துக்காட்டு. சிறிய குடிநீர்ப் புட்டிகளுக்குத் தடை விதித்த மாவட்டத்தில், காசு செலுத்தித் தண்ணீர் பிடிக்கும் இயந்திரங்களும் சாலையோரங்களில் வைக்கப்பட்டன. மாற்று வழி இல்லாத தடை, தாகமுள்ளவரைக் குற்றவாளியாக்கும். இயந்திரம் பழுதாகிக் கிடக்கும் நாளில் அந்த விதியின் நியாயமும் குறைகிறது.

தெளிவின்மையின் விலையைக் கூடலூர் மக்கள் அறிவார்கள். 1969ஆம் ஆண்டின் கூடலூர் ஜென்ம நில ஒழிப்புச் சட்டம், ஜமீன் போன்ற பழைய உரிமை முறையை நீக்கியது. ஆனால் அதன் 17ஆம் பிரிவின் கீழ் வரும் நிலங்கள் யாருக்கு உரியவை என்ற கேள்வி அரை நூற்றாண்டு கடந்தும் முழுமையாகத் தீரவில்லை. அங்கு குடியிருக்கும் பல குடும்பங்கள் பட்டாவுக்காகவும் மின் இணைப்புக்காகவும் நீண்ட காலம் போராட வேண்டியிருந்தது. ஒரு தாளைப் பட்டாவாக ஆக்குவது விதிதான். அந்த விதி முடிவு கூறாமல் நிற்கும்போது, பல்லாண்டுகள் வாழ்ந்த வீடும் சட்டத்தின் கண்ணில் ஆக்கிரமிப்பாகத் தோன்றலாம். அதே நேரத்தில், காட்டைக் காக்கும் விதி தளர்ந்தால் யானை வழித்தடங்களும் நீரோடைகளும் அழியும். இங்கு இரண்டு நியாயமான நோக்கங்கள் மோதுகின்றன. இருவருக்கும் காரணம் கூறி, காலத்தில் முடிவெடுப்பதே சட்டத்தின் கடமையாகும்.

தொகுப்புரை

ஒருவரையொருவர் அறியாத மனிதர்கள் நம்பி நடந்துகொள்ள விதிகள் உதவுகின்றன. வளைவுக்கு அப்பால் வரும் ஓட்டுநர் யாரென்று தெரியாமலே ஒருவர் வண்டியை ஏற்றத்தில் செலுத்துவது அந்த நம்பிக்கையால்தான். ஒரு விதியை மதிப்பிடும் மாணவர் நான்கு கேள்விகளைக் கேட்கலாம்: இதன் நோக்கம் என்ன? இதனைக் கடைப்பிடிக்க வழி உண்டா? இதன் சுமை யார் மீது விழுகிறது? தவறாயின் திருத்த இடம் உண்டா? நான்காம் கேள்விக்கு விடை இல்லாத இடத்தில்தான் விதி மக்களுக்குத் தலைவிதியாகத் தோன்றத் தொடங்குகிறது.