பிள்ளையின் வலியைக் கண்டுகொள்வது

குழந்தைகளுக்கு இழைக்கப்படும் கொடுமை நான்கு வகைப்படும். அடிப்பது, சூடு வைப்பது போன்றவை உடல் வதை. பாலியல் சீண்டலும் வன்முறையும் இரண்டாவது வகை. ஓயாமல் மட்டம்தட்டுவதும் மிரட்டுவதும் மன வதை. உணவு, மருத்துவம், படிப்பு, பாதுகாப்பு, அன்பு ஆகியவற்றைக் கொடுக்க முடிந்தும் கொடுக்காமல் விடுவது புறக்கணிப்பு. கண்ணுக்குத் தெரியும் காயம் இல்லாததால் புறக்கணிப்பு பெரும்பாலும் யார் கவனத்துக்கும் வராமலே போகிறது.

மத்திய பெண்கள் மற்றும் குழந்தைகள் மேம்பாட்டு அமைச்சகம் 13 மாநிலங்களில் 12,447 குழந்தைகளிடம் நடத்திய ஆய்வை 2007-இல் வெளியிட்டது. மூன்றில் இரண்டு குழந்தைகள் உடல் வதைக்கும், 53 சதவீதத்தினர் ஏதேனும் ஒரு வகைப் பாலியல் கொடுமைக்கும் ஆளாகியிருந்தனர். பாலியல் கொடுமை செய்தவர்களில் பாதிப்பேர் குழந்தைக்குத் தெரிந்தவர்கள், நம்பிக்கைக்குரியவர்கள். பெரும்பாலான குழந்தைகள் அதை யாரிடமும் சொல்லவில்லை.

காயத்தைப் படிப்பது

குழந்தை சொல்லாததை உடம்பு சொல்லிவிடுவதுண்டு. ஓடியாடும் பிள்ளைக்கு முழங்காலிலும் முழங்கையிலும் நெற்றியிலும் அடிபடுவது இயல்பு. காதும் கழுத்தும் வயிறும் முதுகும் தவறி விழும்போது எளிதில் அடிபடும் இடங்கள் அல்ல. தவழவே தொடங்காத கைக்குழந்தையின் உடம்பு கன்றியிருந்தால் உடனே விசாரிக்க வேண்டும். வெந்நீர் தவறிக் கொட்டினால் அங்கங்கே தெறித்த தடம் இருக்கும். வேண்டுமென்றே கையை வெந்நீரில் முக்கியிருந்தால், கையுறை போட்டதுபோல் மணிக்கட்டைச் சுற்றி ஒரே கோடாகப் புண் நிற்கும். பச்சைக் குழந்தையை வேகமாக உலுக்கினால், வெளியே ஒரு கீறல்கூட இல்லாமல் மூளையைச் சுற்றியும் விழித்திரையிலும் ரத்தம் கசியக்கூடும். அமெரிக்கக் குழந்தை மருத்துவர் ஹென்றி கெம்ப்பும் அவருடைய சகாக்களும் 1962-இல் எழுதிய கட்டுரைதான், இத்தகைய காயங்களை விபத்து என்று நம்பிவந்த மருத்துவ உலகை விழிக்கச் செய்தது.

காயம் இல்லாத அறிகுறிகளும் உண்டு. படுக்கையை நனைக்கும் பழக்கம் நின்றுபோன பிறகு மீண்டும் வருவது, குறிப்பிட்ட ஒருவரைக் கண்டால் ஒடுங்குவது, படிப்பில் திடீரென்று சரிவது போன்றவற்றுக்கு வேறு காரணங்களும் இருக்கலாம். ஆனாலும் என்னவென்று கேட்காமல் விடக்கூடாது.

ஆறாத வடு

வின்சென்ட் ஃபெலிட்டி, ராபர்ட் ஆண்டா ஆகிய மருத்துவர்கள் சான் டியாகோவில் 9,000-க்கும் மேற்பட்டவர்களிடம் நடத்திய ஆய்வு 1998-இல் வெளியானது. இளவயதில் நான்கு அல்லது அதற்கு மேற்பட்ட வகைக் கொடுமைகளையும் குடும்பச் சீர்குலைவையும் கண்டவர்களுக்குக் குடிநோய், போதைப் பழக்கம், மனச்சோர்வு, தற்கொலை முயற்சி ஆகியவற்றின் ஆபத்து இவற்றில் எதையும் காணாதவர்களைவிட 4 முதல் 12 மடங்கு வரை அதிகமாக இருந்தது. இதயநோயும் அவர்களுக்கு அதிகம்.

புறக்கணிப்பு என்ன செய்யும் என்பதை ருமேனியாவின் அனாதை இல்லங்கள் காட்டின. தூக்கிக் கொஞ்ச ஆளில்லாமல் கட்டிலிலேயே கிடந்த குழந்தைகளிடம் பேச்சும் அறிவும் உடல் வளர்ச்சியும் பின்தங்கின. 2000-இல் புக்கரெஸ்டில் 136 குழந்தைகளுடன் தொடங்கிய ஆய்வில் பாதிப்பேர் வளர்ப்புக் குடும்பங்களுக்கு அனுப்பப்பட்டனர். இரண்டு வயதுக்கு முன் குடும்பம் கிடைத்தவர்களே அதிகம் தேறினர்.

வேர்கள்

கொடுமைக்கு ஒற்றைக் காரணம் கிடையாது. குடிப்பழக்கம், கடன் நெருக்கடி, கணவன் மனைவி சண்டை, பிரசவத்துக்குப் பிறகு தாய்க்கு வரும் மனச்சோர்வு, பிள்ளையைச் சற்று நேரம் பார்த்துக்கொள்ள ஆளில்லாத தனிமை ஆகியவை ஒன்றோடொன்று சேரும்போது ஆபத்து கூடுகிறது. மாற்றுத்திறன் கொண்ட குழந்தைகள் கூடுதலாகப் பாதிக்கப்படுகிறார்கள். வதைபட்டு வளர்ந்த சிலர் தம் பிள்ளைகளையும் வதைப்பதுண்டு; பெரும்பாலோர் அப்படிச் செய்வதில்லை. வறுமை நெருக்கடியைக் கூட்டும், ஆனால் வசதியான வீடுகளிலும் இது நடக்கிறது. 'முருங்கையை ஒடிச்சு வளர்க்கணும், பிள்ளையை அடிச்சு வளர்க்கணும்' என்ற பழமொழியும் ஒரு வேர்தான். அடிக்கும் கைக்கு அது நியாயம் கற்பித்துவிடுகிறது.

தடுக்கும் வழிகள்

அடித்து வளர்க்க வேண்டும் என்ற எண்ணத்தை மாற்ற முடியும். வீட்டிலும் பிள்ளையை அடிக்கக்கூடாது என்று 1979-இல் உலகிலேயே முதலில் சட்டம் இயற்றிய ஸ்வீடன், பால் அட்டைப்பெட்டிகளில் அச்சிட்டு அதை ஒவ்வொரு வீட்டுக்கும் கொண்டுசேர்த்தது. அமெரிக்காவின் எல்மைரா நகரில் முதல் பிள்ளைப்பேறு காணும் தாய்மார்களைக் கர்ப்பகாலம் முதல் குழந்தைக்கு இரண்டு வயதாகும்வரை செவிலியர்கள் வீடு தேடிச் சென்று வழிநடத்தினர். 15 ஆண்டுகள் கழித்துப் பார்த்தபோது, அந்தக் குடும்பங்களில் வதை, புறக்கணிப்புப் புகார்கள் ஏறத்தாழ பாதியாகக் குறைந்திருந்தன.

இந்தியாவில் 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் பள்ளியில் அடிப்பதையும் மன உளைச்சல் தருவதையும் தடை செய்கிறது. பாலியல் குற்றங்களுக்கு 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டம் இருக்கிறது. அதன்படி, குற்றம் நடந்தது தெரிந்தும் புகார் செய்யாமல் இருப்பதே தண்டனைக்குரியது. குழந்தையின் வாக்குமூலத்தை அதன் வீட்டிலோ அது விரும்பும் இடத்திலோ, போலீஸ் சீருடை இல்லாமல் பதிவு செய்ய வேண்டும். அதன் பெயரை வெளியிடக்கூடாது. 1098 என்ற இலவச எண்ணில் எந்நேரமும் உதவி கேட்கலாம்.

நல்ல தொடுதல், கெட்ட தொடுதல் பற்றிப் பிள்ளைக்குச் சொல்லிக் கொடுப்பது அவசியம். ஆனால் தன்னைக் காத்துக்கொள்ளும் பொறுப்பைப் பிள்ளையின் தலையில் கட்டக்கூடாது. குழந்தை வாய்திறந்து சொல்லும்போது, "நீ ஏன் அங்கே போனாய்?" என்று கேட்டால் அந்த வாய் மறுபடி திறக்காது. குறுக்கிடாமல் முழுவதும் கேட்க வேண்டும். "நீ சொல்வதை நம்புகிறேன், உன்மேல் தப்பில்லை" என்று சொல்ல வேண்டும். குடும்ப மானம் கருதி மூடி மறைக்காமல் அன்றே புகார் செய்ய வேண்டும்.