உயில் இருந்தும் நிற்கும் கிரயம்

வீட்டை வாங்க ஆள் வந்தாயிற்று, விலையும் படிந்துவிட்டது. தாய்ப் பத்திரம், வரி ரசீது, இறப்புச் சான்றிதழ், அப்பாவின் உயில் எல்லாம் தயார். வாங்குபவரின் வக்கீல் ஒரே கேள்விதான் கேட்பார்: "புரொபேட் வாங்கியாச்சா?" சென்னையில் எத்தனையோ கிரயங்கள் இந்த இடத்தில் நின்றுபோயிருக்கின்றன.

இது இறந்தவர் முறைப்படி எழுதிய கடைசி உயில்தான் என்று நீதிமன்றம் தரும் சான்றே புரொபேட். சொத்து உண்மையில் அவருடையதுதானா என்ற தகராறை அது தீர்க்காது.

புரொபேட் வாங்கியே ஆக வேண்டும் என்ற கட்டாயம் 1870-ஆம் ஆண்டின் இந்து உயில்கள் சட்டத்தில் தொடங்கியது. 1925-ஆம் ஆண்டின் இந்திய வாரிசுரிமைச் சட்டத்திலும் தொடர்ந்தது. இந்து ஒருவரின் உயிலில் சென்னை ஜார்ஜ் டவுன் வீடு இருந்தால் புரொபேட் வேண்டியிருந்தது. மதுரையில் எழுதிய உயிலில் மதுரை வீடு மட்டும் இருந்தால் வேண்டியிருக்கவில்லை. முஸ்லிம்களுக்கு இந்த விதி இருக்கவில்லை; இந்தியக் கிறிஸ்தவர்களுக்கு 2002-இல் விலக்கு கிடைத்தது. கடைசியில், 2025 டிசம்பரில் நாடாளுமன்றம் இந்தக் கட்டாயத்தை விதித்த, 1925 சட்டத்தின் 213-ஆவது பிரிவையே நீக்கியது.

வரவேற்க வேண்டிய மாற்றம். ஆனால், கட்டாயம்தான் போயிற்று; உயிலை நிரூபிக்கும் பொறுப்பு அப்படியே இருக்கிறது. வாரிசுகளுக்குள் மனக்கசப்பு இருந்தால், வாங்குபவர் இன்றும் புரொபேட் கேட்கலாம்.

நிரூபணத்தின் உயிர்நாடி உயிலின் கடைசிப் பக்கம். எழுதியவரின் கையெழுத்து, அதன் கீழே குறைந்தது இரண்டு சாட்சிகளின் கையெழுத்து. அவர் கையெழுத்திட்டதைப் பார்த்ததாக அந்தச் சாட்சிகளில் ஒருவராவது நீதிமன்றத்தில் சொல்ல வேண்டும். எண்பது வயதுக்காரர் தம் வயது நண்பர்களையே சாட்சியாக்கியிருந்தால் சிக்கல்தான். இருவரும் காலமாகிவிட்டால், அவர்கள் கையெழுத்தை அடையாளம் காட்டக்கூடியவரைத் தேடி அலைய வேண்டும். சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிந்த உயிலானாலும் இந்தச் சாட்சியம் தேவை.

புரொபேட் கேட்டு மனு போட்டதும் மற்ற வாரிசுகளுக்கு நோட்டீஸ் போகும். ஒருவர் கேவியட் போட்டு எதிர்த்தால் மனு வழக்காகிவிடும்; பிறகு ஆண்டுக்கணக்கில் இழுக்கலாம். உயில் எழுத முன்னின்று உதவிய மகனுக்கே பெரும்பங்கு போனால் சந்தேகம் எழும். அதை நீக்க வேண்டியது அவர் பொறுப்பு என்று உச்ச நீதிமன்றம் 1958-லேயே தெளிவாக்கிவிட்டது.

விற்பனையில் இன்னொரு நுணுக்கம் உண்டு. உயிலில் நிறைவேற்றுநர் பெயர் இருந்து, விற்கத் தடையும் இல்லையென்றால், அவரே கிரயம் செய்து கொடுக்கலாம். பெயர் இல்லாவிட்டால், நீதிமன்றம் ஒருவரை நிர்வாகியாக நியமிக்கும். அவர் நீதிமன்றத்தின் முன் அனுமதி பெற்றுத்தான் விற்க முடியும். அனுமதியின்றி விற்றால், சொத்தில் அக்கறையுள்ள எவரும் அந்தக் கிரயத்தை ரத்து செய்யக் கோரலாம்.

இத்தனை அலைச்சலையும் குறைக்கக்கூடியவர் உயில் எழுதுகிறவர்தான். நிறைவேற்றுநரின் பெயரை எழுதட்டும். பங்கு பெறாத, வயதில் இளைய இருவரைச் சாட்சியாக்கட்டும். உயில் எங்கே இருக்கிறது என்பதை இன்றைக்கே பிள்ளைகள் எல்லோரிடமும் சொல்லிவைக்கட்டும்.