பக்கவாதம்: ஓதிப் பார்க்கும் முன் 108-ஐ அழையுங்கள்

“ஹஜ்ரத், அத்தாவுக்கு வாய் ஒரு பக்கமா இழுத்துக்கிச்சு. கொஞ்சம் தண்ணி ஓதிக் கொடுங்க.” சங்கரன்கோவில் போன்ற ஊர்களில் இப்படிப் பள்ளிவாசலுக்கு ஓடி வருபவர்களை நாம் பார்க்கிறோம். அவர்களுடைய ஈமானில் குறையில்லை. ஆனால் அந்த நேரத்தில் முதலில் போக வேண்டிய இடம் மருத்துவமனை.

பக்கவாதம் காற்று, கருப்பு பட்டு வருவதல்ல. மூளைக்குச் செல்லும் இரத்தக்குழாய் அடைபட்டோ, வெடித்தோ வருகிறது. அடைப்பால் வருவதே அதிகம். பெரிய குழாய் அடைபட்டால் நிமிடத்துக்குச் சுமார் 19 இலட்சம் நரம்பணுக்கள் அழிகின்றன என ஆய்வாளர்கள் கணக்கிட்டுள்ளனர்.

அடைப்பைக் கரைக்கும் ஊசியைப் பொதுவாக நான்கரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். இரத்தக்கசிவு உள்ளவருக்கு அதே ஊசி உயிருக்கே ஆபத்து. எது என்பதை சி.டி. ஸ்கேன்தான் சொல்லும். இங்கிருந்து நெல்லைக்குச் செல்லவே ஒரு மணி நேரத்துக்கு மேலாகும். வீட்டில் வீணாக்க நமக்கு நேரமில்லை.

கவனிக்க வேண்டியவை:

முகம்: சிரிக்கச் சொன்னால் வாய் கோணுகிறதா?
கை: இரண்டையும் தூக்கினால் ஒன்று தாழ்கிறதா?
பேச்சு: குளறுகிறதா?

ஒன்று இருந்தாலும் உடனே 108. கடைசியாக எப்போது நலமாக இருந்தார் என்பதைக் குறித்துக் கொண்டு மருத்துவரிடம் சொல்லுங்கள். ஃபஜ்ருக்கு எழும்போதே கை விழுந்திருந்தால், இரவு படுத்த நேரத்தைச் சொல்ல வேண்டும். நேரம் கடந்துவிட்டது என்று வீட்டில் இருந்துவிடாதீர்கள். சிலருக்கு வேறு சிகிச்சைகள் உண்டு.

அதுவரை ஓதிய தண்ணீர் உட்பட வாயில் எதுவும் கொடுக்காதீர்கள். விழுங்கும் சக்தி குறைந்திருந்தால் அது நுரையீரலுக்குள் போய்விடும். எண்ணெய் தேய்ப்பதும், நாமாக பி.பி. மாத்திரை கொடுப்பதும் வேண்டாம். சில நிமிடங்களில் சரியாகிவிட்டாலும் மருத்துவமனைக்குச் செல்லுங்கள். அது பெரிய தாக்குதலுக்கான முன்னெச்சரிக்கையாக இருக்கலாம்.

மருத்துவம் செய்து கொள்ளலாமா எனக் கிராமவாசிகள் கேட்டபோது, செய்து கொள்ளும்படியே நபி (ஸல்) அவர்கள் ஏவினார்கள். ஷிஃபா அல்லாஹ்விடமிருந்தே, சிகிச்சை அதற்கான வழி. துஆவை ஆம்புலன்ஸில் அமர்ந்தும் கேட்கலாம்.

இரத்த அழுத்தம், சர்க்கரை உள்ளவர்கள் மாத்திரையை நிறுத்தக்கூடாது. 2021 முதல் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் அவை வீடு தேடியே வருகின்றன. ரமலானில் ஸஹர், இஃப்தாருக்கு ஏற்ப நேரத்தை மாற்ற மருத்துவரிடம் முன்பே கேளுங்கள். புகையிலையை விடுங்கள்.

அல்லாஹ் நம் அனைவருக்கும் ஆஃபியத்தைத் தருவானாக. ஆமீன்.