குறட்டை நின்றுபோகும் சில நொடிகள்

குறட்டையை ஆழ்ந்த உறக்கத்தின் அடையாளமாகக் கருதும் வழக்கம் நம் வீடுகளில் இன்னும் மறையவில்லை. உண்மையில், அது குறுகிப்போன மூச்சுப்பாதையில் காற்று முட்டி மோதிச் செல்லும் ஓசையே ஆகும்.

இரவு முழுவதும் நாம் ஒரே சீராக உறங்குவதில்லை. ஏறத்தாழ 90 நிமிடங்களுக்கு ஒரு சுற்றாக, இரவொன்றில் நான்கு முதல் ஆறு சுற்றுகள் நிகழ்கின்றன. ஆழ்ந்த உறக்கம் முன்னிரவில் மிகுதி. கனவுகள் தோன்றும் உறக்கம் விடியலை நெருங்க நெருங்க நீள்கிறது. உறங்கும்போது தொண்டைத் தசைகள் தளர்கின்றன. கனவுறக்கத்தில் மேலும் தளர்கின்றன. சிலருக்கு அப்போது மூச்சுப்பாதை முற்றிலும் அடைபடுகிறது. குறட்டை திடீரென நின்று, பத்து நொடியோ அதற்கு மேலோ மூச்சும் நின்றுவிடுகிறது. இரத்தத்தில் ஆக்சிஜன் குறைய, மூளை அவரைச் சற்றே விழிக்கச் செய்கிறது. ஒரு திணறல், மீண்டும் குறட்டை. இதுவே ‘ஸ்லீப் ஆப்னியா’ எனப்படும் உறக்க மூச்சுத்தடை. மூச்சு நிற்பதும் குறைவதுமாக மணிக்கு 30 முறைக்கு மேல் நிகழ்ந்தால் நோய் கடுமையானது எனக் கொள்ளப்படுகிறது.

இத்தனை முறை விழித்தும் நோயாளிக்கு எதுவும் நினைவிருப்பதில்லை. “படுத்தவுடன் தூங்கிவிடுவேன், டாக்டர்” என்பார். மூச்சு திரும்புமோ என்று விழித்துக் கிடந்தவர் அவருடைய மனைவியே. ஆகவே, ஒரே அறையில் உறங்குபவரையும் ஆலோசனைக்கு அழைத்து வாருங்கள். கைப்பேசியில் பதிவு செய்த ஒரு நிமிடக் காணொளிகூடப் பெரிதும் உதவும். நோயாளி கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை.

காலைத் தலைவலி, வாய் உலர்தல், மாத்திரைக்குக் கட்டுப்படாத இரத்த அழுத்தம், பகலில் கண் செருகுதல் ஆகியவை பிற அறிகுறிகள். வாகனம் ஓட்டுபவர் இறுதியாகச் சொன்னதை அலட்சியம் செய்யவே கூடாது. மதுவும், தாமாகவே வாங்கி உண்ணும் தூக்க மாத்திரைகளும் மூச்சுத்தடையை மோசமாக்கக்கூடும்.

ஓரிரவு உறக்க ஆய்வால் நோயை உறுதிசெய்யலாம். உடல் எடையைக் குறைப்பதும் ஒருக்களித்துப் படுப்பதும் பலருக்குப் பயன் தரும். கடுமையான நிலையில், முகமூடி வழியே காற்றழுத்தம் செலுத்தி மூச்சுப்பாதையைத் திறந்து வைக்கும் ‘சிபேப்’ கருவியே முதன்மையான சிகிச்சை. முதல் சில இரவுகள் அது தொல்லையாகவே தோன்றும். முகமூடி உறுத்தினால் கருவியைப் பரண்மேல் ஏற்றிவிடாமல் எங்களிடம் கொண்டு வாருங்கள். வேறு அளவு பொருத்திப் பார்க்கலாம்.